விட்டுப்போன ஃபிரண்ட்-எண்ட் வேலையைச் சின்னப் பக்கங்கள் கட்டித் திரும்பப் பிடிப்பது

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 2018 வரை கொழும்பில் ஃபிரண்ட்-எண்ட் வேலை (வலைப்பக்கத்தில் பார்க்கிறவர் கண்ணில் படும் பகுதியைக் கட்டுவது) பார்த்தவர், ஜேகுவரி, பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த நிரல் நூலகங்கள் கைப்பழக்கம். பிறகு கல்யாணம், பிள்ளைகள், ஊருக்குத் திரும்பியது என்று இடைவெளி விழுந்துவிட்டது. இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வீட்டில் இருந்தபடி வேலை தேடப் பார்க்கிறார். "காசு கட்டிக் கோர்ஸ் செய்வதா, சின்னச் சின்னப் புராஜெக்ட் செய்தே பிடித்துவிடலாமா? செய்வதென்றால் எதைச் செய்வது? எங்கே பார்த்தாலும் கல்குலேட்டரும் டூ-டூ லிஸ்டும்தான் இருக்கிறது" என்பது கேள்வி.

சின்னப் புராஜெக்ட் போதும், தங்கச்சி. ஆனால் திருகோணமலையில் யாராவது ஒருத்தர் தன் போனில் திறந்து பயன்படுத்தக்கூடிய பக்கமாகத் தெரிவு செய்யுங்கள். டூ-டூ லிஸ்டில் கஷ்டமான பகுதி எதுவுமே வராது. தரவு நீங்களே போட்டது, சொற்கள் எல்லாம் குட்டி ஆங்கிலச் சொற்கள், நெட்வேர்க் தேவையில்லை, பார்க்கிற ஆளும் நீங்கள்தான். வேலைக்குப் போனதும் திணற வைப்பவை வேறு: நீண்ட சொல் பட்டனை விட்டு வெளியே வழிவது, சிக்னல் பாதியில் அறுவது, ஒரே பெயரை நாலு பேர் நாலு விதமாகத் தேடுவது, வெளிநாட்டில் திறந்தால் திகதி மாறி நிற்பது. ஊர்த் தரவை எடுத்துக் கட்டினால் இவை எல்லாம் தாமாகவே வந்து முன்னால் நிற்கும்.

நீங்கள் விட்ட பிறகு என்ன மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், மாற்றங்களில் முக்கால்வாசி உங்கள் சுமையைக் குறைத்தவை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15 அன்று நிறுத்தியது. அதற்காக நாம் எழுதிய ஒட்டுப்போட்ட சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) எல்லாம் அதோடு போயிற்று. பூட்ஸ்ட்ராப் 5 2021இல் ஜேகுவரியையே விட்டுவிட்டது. பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் 2017இலேயே குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது, ஆனால் அந்தப் பழைய பிரவுசரை நினைத்து நாங்கள் பலர் தொடவில்லை. இப்போது தயங்காமல் எடுக்கலாம். திரையின் அகலத்தைப் பாராமல், தான் இருக்கிற பெட்டியின் அகலத்தைப் பார்த்து வடிவம் மாறுகிற கன்டெய்னர் குவெரி 2023 பெப்ரவரியில் எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் வந்து சேர்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வெளிப்பெட்டியை அலங்கரிக்கும் ஹேஸ் செலக்டர் அதே ஆண்டு டிசம்பரில் முழுமையானது. பாப்-அப் பெட்டிக்கு பிளகின் தேடுகிற காலமும் போய்விட்டது. டயலாக் என்ற டேக், பக்கத்தின் எலும்புக்கூட்டை எழுதும் எச்டிஎம்எல்லிலேயே இருக்கிறது.

பக்கங்களைத் துண்டு துண்டாகக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற நூலகத்தின் பக்கம் பெரிய மாற்றம், 2019 பெப்ரவரியில் வந்த ஹூக்ஸ் (கிளாஸ் எழுதாமல் வெறும் ஃபங்ஷனிலேயே நிலையை வைத்திருக்கும் வழி). கிளாஸ் எழுதிய பழக்கம் இருந்தால் அதை மூட்டை கட்டிவிடலாம். ஆனால் ரியாக்டை முதலில் தொடாதீர்கள். முதல் மூன்று நான்கு பக்கங்களை ரியாக்ட் மாதிரியான எந்த பிரேம்வேர்க்கும் (ஆயத்தச் சட்டகம்) இல்லாமல், வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டில் கட்டுங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இடைவெளிக்குப் பிறகு நேரே பிரேம்வேர்க்கில் இறங்கினால், ஒரு பிழை வரும்போது அது ரியாக்டின் பிழையா, ஜாவாஸ்கிரிப்டின் பிழையா, பிரவுசரின் குணமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் ஒரு கிழமை ஓடிவிடும்.

முதல் பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட்டே வேண்டாம். நிலாவெளியில் தெரிந்தவர் யாராவது நாலு அறை வைத்துத் தங்குமிடம் நடத்துவார்கள், அவர்களுக்கு ஒரு பக்கம் செய்யுங்கள். அறை விலை, புறாமலைக்குப் படகு போகும் மாதங்கள், வழி, தொலைபேசி எண். இதைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் செய்யுங்கள், ஏனென்றால் நம் ஊரில் அதுதான் இயல்பு, உங்களுக்கான பாடமும் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிகிற பட்டன் தமிழில் "முன்பதிவு செய்யுங்கள்" என்று நீளும். அகலத்தைப் பிக்சலில் கட்டிவைத்திருந்தால் அங்கேயே உடையும். அகலத்தை உள்ளடக்கத்திடமே விட்டு, கிரிட்டில் குறைந்த, கூடிய அளவைச் சொல்லும் மின்மேக்ஸ் கொடுத்துப் பழகுங்கள். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்குப் போடுகிற அளவில் விட்டால் தமிழின் மேல் கீழ்க் குறிகளும் சிங்களத்தின் குறிகளும் ஒன்றோடொன்று முட்டும், 1.6 அளவில் வைத்துப் பாருங்கள். தலைப்பு அழகாக இருக்கட்டும் என்று எழுத்துக்களுக்கு இடையில் இடைவெளி கூட்டுவது ஆங்கிலத்தில் சரி, தமிழில் கொம்பும் காலும் தனித்தனியாக விலகி அசிங்கமாகிவிடலாம். ஒவ்வொரு பகுதிக்கும் எந்த மொழி என்பதை எச்டிஎம்எல்லின் லாங் (lang) பண்பில் குறித்துவிடுங்கள், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் சரியான குரலில் வாசிக்க அது வேண்டும்.

அறைப் படங்களைப் போனில் எடுத்தபடியே போட்டுவிடாமல் வெப்பி (WebP) என்ற, கோப்பு சிறிதாகும் பட வடிவத்துக்கு மாற்றி, இரண்டு மூன்று அளவில் கொடுங்கள். படத்தின் அகலமும் உயரமும் டேக்கிலேயே இருக்கட்டும், பக்கம் குதிக்காது. மேலே முதலில் தெரிகிற படத்துக்கு மட்டும் லேசி லோடிங் (அந்த இடத்துக்கு உருட்டும்போதுதான் படத்தை இறக்குவது) போட வேண்டாம். அவ்வளவுதான்.

பக்கம் முடிந்ததும் மத்தியான வெயிலில் கடற்கரையில் நின்று போனில் திறந்து பாருங்கள். வெளிர் சாம்பல் எழுத்து வீட்டுக்குள் நாகரிகமாகத்தான் இருக்கும், அங்கே ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று அணுகுதன்மை விதிகள் (எல்லோராலும் பயன்படுத்தக்கூடிய பக்கத்துக்கான WCAG) சொல்வது கண் தெரியாதவர்களுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 அக்டோபரில் வந்த அந்த விதிகளின் 2.2 பதிப்பு, தொடுகிற இடம் 24க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது.

இரண்டாவது பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: ஊர்ப்பெயர் தேடல். திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, கந்தளாய், தம்பலகாமம், வெருகல் என்று போகும். அவற்றுக்குள் வருகிற ஊர்களை ஒரு ஜேசன் (JSON) தரவுக் கோப்பில் எழுதி, மேலே ஒரு தேடல் பெட்டி, கீழே பட்டியல், தட்டத் தட்ட வடிகட்ட வேண்டும். கேட்க ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். இறங்கிப் பாருங்கள்.

முதலில், ஜேகுவரிக் காலத்துப் பழக்கத்தில் விசையை விட்டதும் வரும் கீ-அப் நிகழ்வைப் பிடித்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு போனில் தமிழ் விசைப்பலகையால் தட்டினால் எந்த விசை என்று அது உருப்படியாகச் சொல்லாது, 229 என்ற ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பதில், பெட்டியில் எது மாறினாலும் வரும் இன்புட் நிகழ்வைக் கேட்டு, பெட்டியில் இருக்கிற மதிப்பை எடுங்கள்.

அடுத்தது நீளம். "திருகோணமலை" என்று எழுதி அதன் லெங்த் (நீளம்) எவ்வளவு என்று பிரவுசரின் கன்சோலில் கேளுங்கள். நமக்கு ஆறு எழுத்து: தி, ரு, கோ, ண, ம, லை. ஜாவாஸ்கிரிப்ட் 10 என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடில் மெய்யும் அதன் உயிர்க்குறியும் தனித்தனி இலக்கம், அதனால் தி என்பதே இரண்டு. முதல் எழுத்தை மட்டும் எடுத்து வட்டத்துக்குள் போடலாம் என்று வெட்டினால் தி போய் த வந்து நிற்கும். சரியாக ஆறு என்று எண்ண ஜாவாஸ்கிரிப்டோடு வருகிற, மொழிகளுக்கான இன்டல் (Intl) தொகுப்பில் செக்மென்டர் இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸும் அதைச் சேர்த்த பிறகு தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அப்புறம் இன்னொரு குழி. கோ என்ற எழுத்தில் இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சமம் இல்லை என்று வரும். பட்டியலில் ஒரு விதம், தேடுகிறவர் தட்டியது இன்னொரு விதம் என்றால் தம் ஊர்ப்பெயரைச் சரியாகவே எழுதியும் "முடிவு இல்லை" என்று பார்ப்பார். இரண்டு பக்கத்தையும் நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஒப்பிட்டால் ஒரே வரியில் தீரும். இந்த ஒரு வரி ஏன் வேண்டும் என்று நேர்முகத்தில் விளக்கத் தெரிந்த ஆளை எந்தக் குழுவும் கவனிக்கும்.

வரிசைப்படுத்தலும் அப்படித்தான். கந்தளாய், கப்பல்துறை, கன்னியா மூன்றையும் சும்மா சார்ட் செய்தால் கன்னியா நடுவில் வந்துவிடும், ஏனென்றால் யூனிகோட் அட்டவணையில் றன்னகரம் பகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்து. அதே இன்டலில் இருக்கிற, வரிசைப்படுத்தும் கொலேட்டரிடம் தமிழ் என்று சொல்லிக் கொடுத்தால் முறையாக அடுக்கும். இனி, நாமே திருகோணமலை என்றும் திருக்கோணமலை என்றும் எழுதுகிறோம், பேச்சில் திருமலை என்று சுருக்குகிறோம். இதற்கு எந்த நூலகமும் உதவாது. ஒவ்வொரு ஊருக்கும் மாற்றுப் பெயர்ப் பட்டியல் ஒன்று தரவிலேயே வேண்டும். அது நிரலாளர் தனியாக எடுக்கிற முடிவில்லை, ஊர்க்காரர்களிடம் கேட்டு எடுக்க வேண்டியது. அம்மாவிடம், ஆட்டோ ஓட்டுகிற அண்ணாவிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள், அவர்கள் எதைத் தட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.

மூன்றாவது, வெளியில் இருந்து தரவு எடுக்கிற பக்கம். ஓப்பன்-மீட்டியோ என்ற சேவை வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குச் சாவி (பதிவு செய்து பெறும் குறியீடு) கேட்காமல் வானிலைத் தரவு தருகிறது. அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23 என்று கொடுத்தால் நம் ஊர் மழையும் காற்றும் வரும், நேர வலயத்துக்குக் கொழும்பைக் கொடுங்கள். வெளித் தரவை எடுக்கிற பழைய ஏஜாக்ஸ் கையை, இப்போதைய முறையான ஃபெட்ச், அசிங்க்-அவெய்ட் பக்கம் திருப்ப இது நல்ல இடம்.

தரவு வந்து திரையில் விழுந்தவுடன் முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஃபெட்ச் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். சர்வர் 404 (கேட்டது இல்லை) அல்லது 500 (சர்வரில் கோளாறு) என்று பதில் சொன்னாலும் அது பிழையாக எறியாது, நெட்வேர்க்கே அறுந்தால்தான் பிழையைக் கையாளும் கேட்ச் பகுதிக்குப் போகும். ஜேகுவரி இரண்டையும் பிழையாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் உங்களுக்கு இது கட்டாயம் இடறும். வந்த பதிலின் ஓகே பண்பை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஜேசனைத் தொட வேண்டும்.

பிரவுசரோடு வரும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் நெட்வேர்க்கை மெதுவாக்கி, பிறகு முழுதாக அறுத்து, பக்கம் என்ன செய்கிறது என்று பாருங்கள். காத்திருக்கும்போது என்ன தெரிகிறது? பத்து வினாடியில் பதில் வராவிட்டால்? அபார்ட் கன்ட்ரோலரால் கோரிக்கையை நிறுத்தி, கடைசியாக வந்த தரவை, பிரவுசர் தன்னிடம் சேமித்துவைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் இருந்து எடுத்து, "இது காலை 6.40க்கு எடுத்தது" என்று நேரத்தோடு காட்டுங்கள். அந்த நேரத்தைக் காட்டாமல் பழைய தரவைப் புதியது மாதிரிக் காட்டுவது பொய் சொல்வதுதான். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போகிற ஆட்கள் இருக்கிற ஊர் இது. உங்கள் பயிற்சிப் பக்கத்தை நம்பி யாரும் படகு இறக்கக் கூடாது. வானிலை அவதான நிலைய அறிவிப்பைப் பார்க்கச் சொல்லும் ஒரு வரியைப் பக்கத்தின் தலையிலேயே போடுங்கள்.

திகதியைப் பற்றி ஒன்று. 2025-01-14 என்று தைப்பொங்கல் திகதியை எழுதி டேட் ஆக்கினால், நேரம் எழுதாத காரணத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேர நள்ளிரவாக எடுக்கும். நமக்கு அது காலை ஐந்தரை, அதே நாள்தான், பிழை இருப்பதே தெரியாது. டொராண்டோவில் இருக்கிற சித்தி திறந்தால் முதல்நாள் மாலை ஏழு மணி, பொங்கல் 13ஆம் திகதி என்று காட்டும். டெவ்டூல்ஸின் சென்சர்ஸ் பகுதியில் இடத்தை மாற்றி இதை வீட்டிலேயே சோதிக்கலாம்.

நான்காவதாக ஒரு படிவம். தேசிய அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் பிறந்த திகதியைச் சொல்கிற பக்கம் செய்யுங்கள். பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வந்த புதியதில் 12 இலக்கம். ஆண்டுக்குப் பிறகு வருகிற மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இதில் அந்த நாள் கணக்கு எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே போகும். 1990 மார்ச் 15இல் பிறந்தவருக்கு 075 என்று இருக்கும், அதை அப்படியே டேட்டிடம் கொடுத்தால் மார்ச் 16 என்று தரும். சோதனை எழுதிப் பழக இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. லீப் ஆண்டு, பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.

படிவத்தின் பக்கமும் கவனம் வேண்டும். எண்தானே என்று, எந்த விசைப்பலகை வர வேண்டும் என்று சொல்லும் இன்புட்மோடை நியூமெரிக் ஆக்கினால் போனில் எண் பலகை மட்டும் வரும், பழைய அட்டைக்காரர் கடைசி எழுத்தைத் தட்டவே முடியாது. லேபிளைப் பெட்டியோடு கட்டுங்கள். பிழைச் செய்தி "தவறான உள்ளீடு" என்று நிற்காமல் "12 இலக்கம் வேண்டும், 11தான் இருக்கிறது" என்று சொல்லட்டும். மவுஸை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் முழுப் படிவத்தையும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். விண்டோஸுக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதோடு வருகிற குரலுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கணக்கு முழுவதும் பிரவுசருக்குள்ளேயே நடக்க வேண்டும். யாருடைய அடையாள எண்ணையும் எங்கேயும் அனுப்பாதீர்கள், சேமிக்காதீர்கள்.

நேரமும் தெம்பும் இருந்தால் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடாக்கும் மாற்றியையும் எழுதலாம். நம் பக்கம் பழைய அறிவித்தல்கள், விழா மலர்கள் எத்தனையோ பாமினியில்தான் கிடக்கின்றன, இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். நீளமான கூட்டெழுத்தை முதலில் மாற்ற வேண்டும், முன்னால் தட்டிய கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்த வேண்டும். ரெகெக்ஸ் (எழுத்துக் கோலத்தைத் தேடி மாற்றும் குறிமொழி) மறந்துபோயிருந்தால் முழுதும் ஞாபகம் வந்துவிடும்.

இவற்றைச் செய்யும்போது ஏஐ உதவியை எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். முதல் சுற்றில் எடிட்டரில் தானே எழுதித்தருவதை அணைத்துவிடுங்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது முடிந்த பக்கம் இல்லை, முடிக்கத் தெரிந்த கை. நீங்களே எழுதி ஓட்டிய பிறகு அதனிடம் கொடுத்து, எங்கே உடையும் என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே ஒட்டாமல் எம்டிஎன் (MDN) என்ற வலை நுட்ப ஆவணத் தளத்தில் ஒருமுறை பார்த்துச் சரி என்றால் எடுங்கள்.

நான்கும் முடிந்த பிறகு ரியாக்டுக்கு வாருங்கள். புதிதாக எதுவும் கட்ட வேண்டாம், ஊர்ப்பெயர் தேடலையே வீட் (Vite) என்ற கட்டும் கருவியை வைத்து ரியாக்டில் திரும்ப எழுதுங்கள். எந்த நிலை எங்கே இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்பதால் ஹூக்ஸ் எதற்கு என்பது சட்டென்று பிடிபடும். பழைய பாடங்களில் சொல்கிற கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற தொடக்கக் கருவியை 2025இல் ரியாக்ட் குழுவினரே கைவிட்டுவிட்டார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். அதே தேடலை, தரவின் வகையையும் சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமான டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்றினால் அதுவும் ஒரு பாடம்.

எல்லாவற்றையும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் சின்னச் சின்னக் கமிட்டாக (பதிவாக) போட்டு, பக்கத்தை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றிவிடுங்கள், காசு இல்லை. ஒவ்வொன்றின் ரீட்மீ (விளக்கக் குறிப்பு) கோப்பிலும் என்ன நூலகம் பாவித்தேன் என்ற பட்டியலைவிட, எது உடைந்தது, ஏன், எப்படித் தீர்த்தேன் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். எட்டு ஆண்டு இடைவெளியைப் பற்றி நேர்முகத்தில் கேட்டால், டொராண்டோவில் ஒருநாள் முன்னால் வந்த பொங்கலைத் திறந்து காட்டலாம்.

கோர்ஸ் விஷயம்: இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பகுதி, உதாரணமாக டெஸ்டிங்கோ டைப்ஸ்கிரிப்டோ, பிடிபடாமல் இருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் காசு கட்டுங்கள். அதற்கு முன் எம்டிஎன்னில் ஃபிரண்ட்-எண்ட் பாடத்திட்டம் இலவசமாக இருக்கிறது, அதன் தலைப்புகளை மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்த்து, தெரியாததைக் குறித்துக்கொள்ளுங்கள்.